மரத்துக்கு மூன்று வருடம், அறிவிப்புக்கு ஒரு ராத்திரி



நம் இதழுக்குக் கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எழுபது வயதைத் தாண்டிய தென்னை விவசாயி. கோடு போட்ட நோட்டுத் தாளில் பத்தே வரி. கடைசி வரியைப் படித்ததும் பதில் எழுதிப் போட மனம் வரவில்லை, நேரிலேயே கிளம்பிவிட்டேன். அந்த வரி இதுதான்: "அமெரிக்காக்காரன் ஆப்பிரிக்காவுக்கு வரி போட்டா எந்தோட்டத்துக் காய்க்கு ஏன் வெல மாறுது? இத வெளங்குற மாதிரி உங்க பத்திரிகையில எழுதுங்க."

காட்ரோட்டை அறியாதவர் நம் வாசகர்களில் குறைவு. வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கமிருந்து வரும் கொடைக்கானல் வண்டிகள் அங்கேதான் மலைக்குத் திரும்புகின்றன. அதற்குப் பக்கத்து ஊர் கெங்குவார்பட்டி. ஒரு பக்கம் மஞ்சளாறு, ஒரு பக்கம் பழனி மலையின் அடிவாரம், நடுவில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். பெரியவரின் தோப்புக்குள் நுழைந்ததும் கோடை வெயில் பாதியாகக் குறைந்தது. மேலே தென்னை மட்டைகளின் நிழல். அதற்குக் கீழே, ஆள் உயரத்துக்குச் சற்று மேல், அகன்ற இலைகளோடு இன்னொரு அடுக்கு. அதுதான் கொக்கோ.

பலா போலவே கொக்கோவும் அடிமரத்திலும் கிளையிலும் நேராகக் காய்க்கும். பச்சையாக இருந்து மஞ்சளாகப் பழுத்த ஒரு காயைப் பெரியவரின் மனைவி அறுத்தெடுத்தார். கத்தியால் பிளக்கவில்லை, விதையில் வெட்டு விழுந்தால் விலை போகாதாம். கல்லில் ஓங்கித் தட்டினார், இரண்டாகப் பிளந்தது. உள்ளே சீத்தாப்பழம் போல வெள்ளைச் சதை மூடிய விதைகள், முப்பதுக்கு மேல் இருக்கும். "சதையச் சப்பிட்டு வெதையத் துப்பிருங்க தம்பி, கடிச்சுட்டீங்கன்னா கசக்கும்" என்றார். சதை இனித்தது. அவர் சொன்னதை மீறி விதையைக் கடித்தும் பார்த்தேன், கசந்தது. அந்தக் கசப்பிலிருந்துதான் உலகத்துச் சாக்லேட் முழுவதும் வருகிறது.

கசப்பை மணமாக்குவது அந்த அம்மாவின் வேலை. ஈர விதைகளைக் கூடையில் குவித்து வாழை இலையால் மூடிவைக்கிறார். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிடுகிறார். முதலில் புளித்த கள் வாசம், பிறகு காடி வாசம், குவியலுக்குள் கை வைத்தால் சூடு. ஆறு நாள் போனதும் வெயிலில் பரப்புகிறார். கைப்பிடி அள்ளி நசுக்கினால் நறநறவென்று சத்தம் கேட்க வேண்டும், அப்போதுதான் பதம். மூன்று கிலோ ஈர விதை காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அதுவும் அணிலும் எலியும் விட்டுவைத்த காயிலிருந்துதான்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: "ஆப்பிரிக்காவுல மழை கெட்டா நமக்கு வெல ஏறுதுங்குறாக. அங்க மழை நல்லா பெஞ்சா நமக்கு எறங்குதுங்குறாக. இப்ப வரி போட்டாலும் எறங்குதாம். நா எங்க வானத்தப் பாக்கவா, அவுக வானத்தப் பாக்கவா, சொல்லுங்க தம்பி."

அங்கேயே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த மாதப் பக்கம் அவருக்கான பதில். தேனி மாவட்டத்தில் எதை விளைவிப்பவரானாலும் இது உங்களுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

முதலில் அவர்கள் வானம். உலகில் விளையும் கொக்கோவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் ஐவரி கோஸ்ட் என்ற ஒரே மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் விளைகிறது. அதன் கிழக்கு எல்லையில் இருக்கிறது கானா. இரண்டையும் சேர்த்தால் உலக விளைச்சலில் பாதிக்கு மேல். அங்கே 2023-லும் 2024-லும் மழை தப்பிப் பெய்தது; காய் கறுத்து அழுகும் நோயும், தண்டு வீங்கி மரமே சாகும் வைரஸ் நோயும் சேர்ந்துகொண்டன. டன் 2,500 டாலரை ஒட்டி இருந்த விலை 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. அந்த வருடக் கோடையில் கேரளத்தில் காய்ந்த விதை கிலோ 1,000 ரூபாயை எட்டியதும், கம்பம் பள்ளத்தாக்கில் கொக்கோ நாற்று கேட்டு ஆட்கள் அலைந்ததும் அதனால்தான். 2025 முடிவதற்குள் உலக விலை பாதியாக இறங்கிவிட்டது.

விலை இறங்கிய அதே வருடத்தில்தான் வரியும் வந்தது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடு வாரியாக இறக்குமதி வரி அறிவித்தார். ஐவரி கோஸ்ட்டுக்கு 21 சதவீதம், கானாவுக்கு 10 சதவீதம். ஆகஸ்டில் அந்தக் கணக்கு மாறி இரண்டுக்கும் 15 ஆனது. நம் நாட்டுக்கு அதே ஆகஸ்டில் 25-உம், அதன்மேல் இன்னொரு 25-உம் விழுந்து திருப்பூர் கலங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஹவாய் தீவைப் போன்ற ஓரிரு இடங்களை விட்டால் அமெரிக்காவில் கொக்கோ விளையாது. காக்க அங்கே கொக்கோ விவசாயி இல்லை. வரியின் பாரம் சாக்லேட் வாங்கும் அவர்கள் மக்கள் தலையிலேயே ஏறியது. நவம்பர் நடுவில் காப்பி, தேயிலை, வாழைப்பழம், நறுமணப் பொருட்களோடு கொக்கோவையும் அந்த வரியிலிருந்து விலக்கினார்கள். ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. ஒரு காய் பூத்துப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். ஏப்ரலில் பூத்த காய் பழுத்து இறங்குவதற்குள் அதன்மேல் போட்ட வரி மாறிவிட்டது.

பெரியவர் கேட்ட சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. பெரிய வாங்குபவர் ஒருவர் வாசலில் வரி வைத்தால், விற்பவர் கையில் சரக்கு தங்குகிறது. தங்கிய சரக்கு வேறு துறைமுகத்தைத் தேடுகிறது, விலையையும் இறக்கிக்கொள்கிறது. நம் ஊர் வியாபாரி கைப்பேசியில் காலையில் பார்ப்பது நியூயார்க், லண்டன் விலையைத்தான். அதனால் வரி யார் போட்டாலும், யார்மேல் போட்டாலும், அசைவு கெங்குவார்பட்டித் தராசு வரை வருகிறது.

அந்த அசைவு நேராக நம்மை இடிக்காமல் நடுவில் நிற்பது நம் நாட்டின் சொந்த வரி. ஐவரி கோஸ்ட்டிலிருந்தோ கானாவிலிருந்தோ கொக்கோ விதை இந்தியத் துறைமுகத்தில் இறங்கினால் 30 சதவீதம் அடிப்படைச் சுங்க வரி உண்டு. மிகவும் பின்தங்கிய ஏழை நாடுகளுக்கு இந்தியா 2008-லிருந்து வரிச் சலுகை தருகிறது. பெனின், டோகோ போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. ஐவரி கோஸ்ட்டும் கானாவும் அதில் இல்லை. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டு விதை துறைமுகத்துக்கு வரும்போது கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 520. அப்படியானால் உள்ளூர் விதைக்கு 500 கொடுத்தாலும் ஆலைக்கு நட்டமில்லை. அந்த வரியை ஒரு நாள் எடுத்துவிட்டால், பெரியவரின் மரமும் மண்ணும் உழைப்பும் அப்படியே இருக்க, கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் காணாமல் போகும்.

வயலுக்கு வரப்பு எப்படியோ, விளைபொருளுக்கு இறக்குமதி வரி அப்படி. வரப்பு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். ஆனால் நம் கொக்கோ வயலின் வரப்பில் உடைப்புகள் உண்டு. ஆசியான் நாடுகளோடு 2009-ல் கையெழுத்தாகி 2010-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால், மலேசியா, இந்தோனேசியா பக்கமிருந்து கொக்கோப் பொருட்கள் பல சலுகை வரியில் வருகின்றன. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுவிஸ் சாக்லேட்டின் வரி அதன்படி வருடா வருடம் இறங்கும். ஒப்பந்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஏலக்காயும் துணியும் மாம்பழக் கூழும் வெளியே போக வேண்டுமானால் நாமும் கதவைத் திறக்கத்தான் வேண்டும். எந்தக் கதவு, எப்போது, எவ்வளவு திறக்கும் என்பது தோட்டக்காரருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். என் கேள்வி அது ஒன்றுதான்.

கொக்கோ நட்டு முதல் காய் பார்க்க மூன்று வருடம். நிறைவாகக் காய்க்க ஐந்தாறு வருடம். அதன்பின் இருபது, முப்பது வருடம் நிற்கிற மரம். அதன் விலையைத் தீர்மானிக்கும் அரசு அறிவிப்போ ஒரு ராத்திரியில் வந்து மறுநாள் காலையில் நடைமுறைக்கு வருகிறது. இந்த இரண்டு காலக் கணக்குக்கும் நடுவில்தான் விவசாயி நசுங்குகிறார்.

நம் பக்கத்து உதாரணங்களையே பாருங்கள். பழனி மலையின் கீழ்மலைத் தோட்டங்களில் மிளகு உண்டு. இலங்கையோடு 1998-ல் செய்த ஒப்பந்தத்தின் சலுகையில் மலிவு மிளகு வந்து குவிந்தது. வேறு நாட்டு மிளகும் இலங்கை வழியாக வருகிறதென்று நம் விவசாயிகள் வருடக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில்தான் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. பருத்தியை எடுத்துக்கொண்டால், 2021-ல் வந்த 11 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 19 முதல் விலக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் முடிவு வரை என்றார்கள், பிறகு வருட முடிவு வரை நீட்டினார்கள். ஆண்டிபட்டி, தேனி நூற்பாலைகளுக்கு அது மூச்சுவிட நேரம். பருத்தி எடுக்கும் மாதங்களுக்கு முன்னால் நின்ற விவசாயிக்கு அது கவலை. பாமாயிலின் சுங்க வரி 2024 செப்டம்பரில் ஏறி, 2025 மே மாதக் கடைசியில் இறங்கியது. கொப்பரை விலையில் கண் வைத்திருக்கும் தென்னை விவசாயிக்கு அதுவும் சம்பந்தம் உள்ளதுதான். போடி ஏலக்காய்க்காரர்களுக்கு, ஏலக்காயில் போட்டி நாடான குவாத்தமாலாவைப் பற்றிப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. கானாவிலிருந்து இந்தியா வாங்குவதில் பெரும்பங்கு தங்கம். ஆங்கிலேயர் ஆண்டபோது அந்த நாட்டின் பெயரே தங்கக் கரை. 2024 ஜூலை 23-ஆம் தேதி பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றைக்கே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நகை எடுத்தவரும், மறுநாள் எடுத்தவரும் வரி என்றால் என்ன என்று அந்த ஒரு நாளில் புரிந்துகொண்டார்கள்.

நகை வாங்குபவர் ஒரு வாரம் பொறுக்கலாம். மரம் வைத்தவர் பொறுக்க முடியாது, வெட்டத்தான் முடியும். அப்படி வெட்டிய கதை பக்கத்து மாநிலத்தில் நடந்தது. கேரளத்தில் 1970-களில் கொக்கோ விலை ஏற ஏறத் தோட்டம் தோட்டமாக வைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் விலை சரிந்து, வாங்கவும் ஆளில்லாமல் போனபோது மரத்தை வேரோடு சாய்த்தார்கள். அப்போது கைகொடுக்க வந்தது மங்களூரில் 1973-ல் தொடங்கிய பாக்கு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமான கேம்ப்கோ. விவசாயிகளிடம் கொக்கோ வாங்க ஆரம்பித்து, 1986-ல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. விதை விற்கிறவன் விலைக்குக் கை நீட்டி நிற்கிறான், சாக்லேட் விற்கிறவன் விலை சொல்கிறான் என்பதை அந்தச் சங்கம் நாற்பது வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டது.

இதே பாடத்தைக் கானா விவசாயிகள் நமக்கு முன்பே கற்றவர்கள். அங்கே 1879-இல் டெட்டே குவார்ஷி என்பவர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதையில் தொடங்கியது கொக்கோ விவசாயம் என்று அந்நாட்டு மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1937-38-ல் ஐரோப்பியக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை அமுக்கியபோது, விவசாயிகள் மாதக்கணக்கில் ஒரு மூட்டைகூட விற்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். விவசாயிகளிடம் கொக்கோ வாங்கும் அரசு வாரியம் 1947-ல் அமைந்ததற்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம். ஆனாலும் இன்றுவரை அவர்கள் பெரும்பாலும் விதை விற்பவர்களாகவே இருக்கிறார்கள். ஒரு சாக்லேட் கட்டியின் விலையில் விவசாயிக்குச் சேர்வது ஆறு, ஏழு சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்று ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்து கேட்டது, விவசாயி குடும்பம் நடத்தும் அளவுக்காவது வருமானம் வேண்டும் என்பதற்காக.

அவர்கள் ஏன் சாக்லேட் செய்து விற்கவில்லை? அதற்கும் வரி ஒரு காரணம். பணக்கார நாடுகள் நெடுங்காலமாக ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருந்தன. விதையாகக் கொண்டுவந்தால் வரி இல்லை. அரைத்துக் கொண்டுவந்தால் கொஞ்சம் வரி. சாக்லேட்டாகக் கொண்டுவந்தால் நிறைய வரி. அதாவது, கசப்பை நீ கொண்டுவா, இனிப்பை நான் செய்துகொள்கிறேன் என்று பொருள். ஐரோப்பாவோடு செய்த ஒப்பந்தங்களால் அந்த இரண்டு நாடுகளுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது. ஐவரி கோஸ்ட் இப்போது உலகிலேயே மிக அதிகமாகக் கொக்கோ அரைக்கும் நாடுகளில் ஒன்று. ஆனால் நெடுநாள் படிக்கட்டு ஒரு கையெழுத்தில் மறைந்துவிடாது. ஆலையும் தொழில்நுட்பமும் பெயரும் அதற்குள் ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டன.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் கதையையும் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. ஐவரி கோஸ்ட்டிலிருந்து நாம் வாங்கும் முக்கியமான சரக்கு முந்திரிக் கொட்டை. ஓட்டோடு தூத்துக்குடிக்குக் கப்பலில் வரும். பண்ருட்டியிலும் குமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் உடைத்துத் தோல் உரித்துப் பருப்பாக்குவார்கள். அந்தக் கொட்டைக்கு 2018 பட்ஜெட்டிலிருந்து சுங்க வரி 2.5 சதவீதம்தான். உடைத்த பருப்பாகவே கொண்டுவந்தால் பல மடங்கு வரி. போதாததற்கு 2019-ல் முழுப் பருப்பு கிலோ 720 ரூபாய்க்கும் உடைசல் 680 ரூபாய்க்கும் கீழே இறக்கக் கூடாது என்று வரம்பும் வைத்தோம். ஐரோப்பா கொக்கோவுக்குக் கட்டிய படிக்கட்டையே நாம் முந்திரிக்குக் கட்டியிருக்கிறோம். நம் பெண்களின் வேலையைக் காக்க அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஐவரி கோஸ்ட் தன் ஊரிலேயே முந்திரி உடைக்கும் ஆலைகளை வளர்க்க முயல்கிறது. அங்கேயும் வேலை தேடும் பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே எட்டி நின்று அவர்களைப் போட்டியாளர் என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. மூட்டை தூக்கும் தோளும், விலை கேட்டுக் காத்திருக்கும் திண்ணையும் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

பெரியவர் தோப்பிலிருந்து திரும்பும்போது காட்ரோட்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். மலையிலிருந்து இறங்கிய வேன் ஒன்று பக்கத்தில் நின்றது. பிள்ளைகள் கையில் கொடைக்கானல் சாக்லேட் பாக்கெட்டுகள். 'வீட்டில் செய்தது' என்று எழுதியிருந்தது. மேலே பல கடைகளில் நடப்பது, கட்டியாக வரும் சாக்லேட்டை உருக்கி, முந்திரியோ திராட்சையோ சேர்த்து அச்சில் வார்ப்பது. அந்தத் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள் நேர்மையாகப் பிழைக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலை ஏறும் சாலையின் அடியிலேயே கொக்கோ காய்க்கிறது, சாலையின் உச்சியில் சாக்லேட் விற்கிறது, நடுவில் இரண்டையும் சேர்க்க ஒருவரும் இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

தமிழ்நாட்டு மண்ணுக்குக் கொக்கோ புதிதும் அல்ல. இந்தியாவில் முதல் கொக்கோக் கன்றுகள் நடப்பட்டது நம் குற்றாலத்தில். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்பாய்னா தீவிலிருந்து கொண்டுவந்தது எட்டுக் கன்றுகள். இருநூற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், நம் நாட்டு ஆலைகள் அரைக்கும் கொக்கோவில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. தேவை இருக்கிறது, நிழல் தரும் தென்னை இருக்கிறது, பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியும் இருக்கிறது. சிறு தொழிலாகச் சாக்லேட் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல நேரம் அமைவது அரிது.

ஆகவே இந்தப் பக்கத்தின் வழியாகச் சிலரிடம் சில வேண்டுகோள்கள்.

அரசிடம் கேட்பது: வரியை ஏற்றுங்கள் என்பதல்ல, நிலையாக வையுங்கள் என்பது. மரப்பயிர்களுக்கான இறக்குமதி வரியில் மாற்றம் செய்வதானால் குறைந்தது மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லுங்கள். ஒரு கன்று காய்க்கும் காலம் அது. உலக விலை சரியும் வருடத்தில் ஆலைகள் உள்ளூர் விதையை முதலில் வாங்குகின்றனவா என்று பாருங்கள். 2025-ல் ஆந்திரத்தின் ஏலூரு பக்கத்துக் கொக்கோ விவசாயிகள் தெருவில் இறங்கி, மாநில அரசு தலையிட வேண்டிவந்தது. நம் மாநிலத்துக்கு அந்த நிலை வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிடலாம்.

கொக்கோ வைத்திருக்கும் விவசாயிகளிடம் கேட்பது: ஈர விதையாக விற்றுவிடாதீர்கள். ஆறு நாள் மூடிவைத்து, ஆறு நாள் காயவைக்கும் வேலையை யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணம் பிறப்பது அங்கேதான், நல்ல விலை பிறப்பதும் அங்கேதான். தனித்தனியாக ஐந்து கிலோ, பத்து கிலோ கொண்டுபோய் நிற்காமல் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பதத்தில் காயவைத்து ஒரே எடையாக விற்றுப் பாருங்கள். புத்தூர் ஆலையின் விதை அப்படித்தான் விழுந்தது.

கொடைக்கானல் சாக்லேட் கடைக்காரர்களிடம் கேட்பது: வருடத்தில் ஒரு வகையாவது, அடிவாரத்துக் கொக்கோவில் செய்து, விளைந்த ஊரின் பெயரைப் பாக்கெட்டில் அச்சடித்து விற்றுப் பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஊர்ப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்று நாம் பார்த்தோம். கெங்குவார்பட்டி என்ற பெயரை ஒரு சாக்லேட் உறையில் படிக்க எனக்கு ஆசை.

வாசகர்களிடம் கேட்பது சிறியது. அடுத்த முறை சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பி அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். கொக்கோ வெண்ணெய் இருக்கிறதா, அதற்குப் பதில் வேறு கொழுப்பா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அதன் பின்னால் ஐவரி கோஸ்ட்டிலோ நம் ஊர்த் தென்னந்தோப்பிலோ ஒருவர் காய் உடைக்கிறார் என்று சொல்லிக்கொடுங்கள்.

இனி, கடிதம் எழுதிய பெரியவருக்கு. அய்யா, எந்த வானத்தைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இரண்டு வானத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியது நாட்டை ஆள்பவர்களின் வேலை, எங்களைப் போல எழுதுபவர்களின் வேலை. அதை நாங்கள் சரியாகச் செய்திருந்தால் நீங்கள் நோட்டுத் தாளைக் கிழித்துக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. இனி மாதந்தோறும் நம் இதழில் கொக்கோ, மிளகு, ஏலக்காய், கொப்பரை ஆகியவற்றின் விலையோடு அவற்றின் இறக்குமதி வரியில் வரும் மாற்றத்தையும் ஒரு கட்டத்தில் போட ஏற்பாடு செய்கிறேன். நீங்கள் உங்கள் வானத்தை மட்டும் பார்த்தால் போதும்.

விடைபெறும்போது நீங்கள், விலை இன்னும் இறங்கினால் வெட்டிவிட்டு எலுமிச்சை வைக்கலாமா என்று கேட்டீர்கள். கேரளத்தில் அன்று வெட்டியவர்கள் தோட்டத்தில், கிலோ ஆயிரம் ரூபாய் போன வருடத்தில் பறிக்க ஒரு காயும் இல்லை. உங்கள் மரத்துக்கு வயது எட்டுதான். இன்னும் இருபது வருடம் காய்க்கும். அதற்குள் எத்தனையோ அறிவிப்புகள் வரும், போகும். மரத்தை வெட்டிவிடாதீர்கள், அய்யா.

அன்புடன்,
ஆசிரியர்